பரிமாறும் கரங்களும் பார்க்கும் கண்களும்

பசித்து வந்தவருக்கு இலை போட்டு உணவு படைப்பதை விருந்தோம்பல் என்று போற்றியவர்கள் நம் முன்னோர். அந்தச் செயலில் ஒரு மனிதர் மற்றொரு மனிதரைச் சந்திக்கின்றார். உண்பவரின் தேவையைப் பரிமாறுபவர் குறிப்பால் உணர்கின்றார். பரிமாறுபவரின் உழைப்பை உண்பவர் நன்றியோடு ஏற்கின்றார். காசு கொடுத்து உண்ணும் உணவகத்திலும் இந்த உறவின் சாயல் முற்றிலும் மறைந்துவிடுவதில்லை.

ஆனால் உணவு வெறும் சாக்காகி, பரிமாறுபவரே விற்பனைப் பொருளாகிவிட்டால் என்ன நேரும்? ஏதேனும் ஒரு கற்பனையை மையமாக வைத்துக் கட்டடத்தையும் மேசை நாற்காலிகளையும் பணியாளரின் உடையையும் அதற்கேற்ப அமைக்கும் உணவகங்களைத் 'தீம் ரெஸ்டாரண்ட்' என்கின்றனர். கப்பல் போன்றும், காடு போன்றும், பழைய இரயில் நிலையம் போன்றும் இவை அமைவதுண்டு; அவற்றில் குற்றமேதும் இல்லை. ஆனால் பெண்ணின் உடலையே அந்தக் கற்பனையின் மையமாக வைத்துப் பெருஞ்செல்வம் ஈட்டிய உணவகங்களும் உண்டு. அவை செழித்து வளர்ந்த அமெரிக்காவின் வரலாற்றைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால், உடையின் நீளத்தையும் கடந்த ஒரு வினா அதில் அடங்கியிருப்பது புலனாகும். உழைக்க வரும் பெண்ணை உழைப்பாளியாகக் காண்கின்றோமா, காட்சியாகக் காண்கின்றோமா என்பதே அந்த வினா.

வெள்ளை மேலங்கி அணிந்த பெண்கள்

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஃபிரெட் ஹார்வி என்பவர், சாண்டா ஃபே இரயில் பாதையை ஒட்டி 1876-ஆம் ஆண்டு கான்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் ஓர் உணவகம் திறந்தார். அது இரயில் பாதையோடு சேர்ந்து மேற்கு நோக்கி வளர்ந்தது. 1883-இல் நியூ மெக்சிகோவின் ராட்டன் என்னும் ஊரில் இருந்த அவருடைய உணவகத்தில் ஆண் பணியாளர்களிடையே அடிதடி மூண்டது. அவர்களை நீக்கிவிட்டு இளம்பெண்களை அமர்த்துவதென்று ஹார்வி முடிவு செய்தார். நற்பண்பும் கல்வியும் தோற்றப் பொலிவும் உடைய, 18 முதல் 30 வயதுக்குட்பட்ட பெண்கள் தேவை என்று நாளேடுகளில் விளம்பரங்கள் வெளியாயின.

'ஹார்வி பெண்கள்' என்று பெயர் பெற்ற அவர்களுக்குக் கழுத்துவரை மூடிய கறுப்பு உடையும், அதன்மேல் கஞ்சியிட்ட வெள்ளை மேலங்கியும் சீருடையாயின. முகப்பூச்சுக்குத் தடை. விடுதியில் ஒரு மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் தங்க வேண்டும். இரவு குறித்த நேரத்திற்குள் திரும்பிவிட வேண்டும். ஒப்பந்தக் காலத்தில் மணம் புரிதல் கூடாது.

இதனை இருவகையாகவும் நோக்கலாம். ஆசிரியை வேலையும் வீட்டு வேலையும் தவிர வேறு வழி காணாத பெண்கள் பலருக்குத் தம் ஊரைவிட்டுப் புறப்படவும், சொந்தக் கையால் பொருள் ஈட்டவும் அது வாயில் திறந்தது. அதே வேளையில், முரட்டு ஆண்களைச் சாந்தப்படுத்தும் அணிகலனாக அவர்களைத் தேர்ந்தெடுத்ததும் உண்மையே. ஒரு நிறுவனத்தின் 'தோற்றத்தை'ப் பெண்ணின் தோற்றத்தின் மீது கட்டி எழுப்பலாம் என்னும் பாடத்தை வணிக உலகம் அங்கே கற்றுக்கொண்டது. மூடிய கழுத்து பின்னர் திறந்த கழுத்தாயிற்று, பாடம் மாறவில்லை.

அடைத்த கதவு

வாயிலைத் திறந்தவர்கள் இருந்ததுபோல் அடைத்தவர்களும் இருந்தனர். 50,000 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வாழும் நகரங்களில் பெண்கள் மதுக்கூடத்தில் மது ஊற்றிக் கொடுக்கும் பணியைச் செய்யக்கூடாது என்று மிச்சிகன் மாநிலம் சட்டம் இயற்றியது. ஆண் உரிமையாளரின் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. இச்சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் தொடுத்த வழக்கில், 1948-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. நீதிபதிகள் மூவர் மாறுபட்டனர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அதே கூடத்தில் மதுக் கோப்பைகளைத் தட்டில் ஏந்தி, ஆண்கள் அமர்ந்திருக்கும் மேசைகளுக்கிடையே சென்று பரிமாறப் பெண்களுக்குத் தடையில்லை. ஊதியம் மிகுந்த வேலைதான் மறுக்கப்பட்டது. ஆண்களின் பார்வைக்கு நடுவே நடமாடும் வேலை மறுக்கப்படவில்லை. பெண்ணின் ஒழுக்கத்தைக் காப்பதற்காகவே சட்டம் என்று கூறியவர்களின் உள்நோக்கம் இதில் தானே வெளிப்படுகின்றது.

முயல் காதுகள்

1960-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் சிகாகோ நகரில் முதல் 'பிளேபாய்' மன்றம் திறக்கப்பட்டது. அப்பெயரில் ஏடு நடத்திய ஹியூ ஹெஃப்னரும் அவருடைய கூட்டாளிகளும் அதனைத் தொடங்கினர். உறுப்பினருக்கு ஒரு சாவி வழங்கப்பட்டது. உள்ளே உணவும் மதுவும் பரிமாறிய இளம்பெண்களுக்கு முயல்கள் என்று பெயர். உடலை இறுக்கிப் பிடிக்கும் பளபளப்பான ஆடை, தலையில் நீண்ட முயல் காதுகள், பின்புறம் வெண்பஞ்சு வால், வெற்றுத் தோளுக்கு மேல் கழுத்துப்பட்டை, குதி உயர்ந்த காலணி ஆகியவையே சீருடை. மேசைமேல் கோப்பையை வைக்கும்போது எவ்வாறு முழங்காலை மடக்கிப் பின்னோக்கிச் சாய வேண்டும் என்பதற்கும் பயிற்சி இருந்தது.

உறுப்பினர்கள் அப்பெண்களைத் தொடக்கூடாது என்னும் விதி கண்டிப்பாக இருந்தது. அதனால் இது கண்ணியமான இடமே என்று வாதிட்டவர்கள் பலர். ஆனால் அந்த விதியே உண்மையை உரைக்கின்றது. அங்கே விற்கப்பட்டது பார்வைதான். பார்ப்பதற்கென்று பெண் காட்சிக்கு வைக்கப்பட்டாள். காட்சிப் பொருளைத் தொடாதே என்று அருகில் எழுதி வைப்பது கடைகளில் வழக்கந்தானே!

1963-ஆம் ஆண்டு, குளோரியா ஸ்டைனம் என்னும் இளம் பத்திரிகையாளர் புனைபெயரில் விண்ணப்பித்து நியூயார்க் மன்றத்தில் முயல் பெண்ணாகப் பணியாற்றினார். தாம் கண்டவற்றை 'ஷோ' என்னும் ஏட்டில் அதே ஆண்டு இரு பகுதிகளாக எழுதினார். வாரத்திற்கு 200 முதல் 300 டாலர் வரை ஈட்டலாம் என்று விளம்பரம் கூறியது. கைக்கு வந்ததோ அதனினும் மிகக் குறைவு. சீருடையைப் பராமரிக்கவும் அவர்களிடமிருந்தே பணம் பிடிக்கப்பட்டது. சிறு தவறுகளுக்கும் குறைமதிப்பெண்கள் இடப்பட்டன. வேலையில் சேருமுன் அந்தரங்க மருத்துவப் பரிசோதனைக்கும் பெண்கள் உட்பட வேண்டியிருந்தது. கட்டுரை வெளியான பின் நிறுவனம் அப்பரிசோதனையைக் கைவிட்டது.

ஸ்டைனத்திற்கு நேர்ந்த மற்றொன்றும் சிந்தனைக்குரியது. அக்கட்டுரைக்குப் பின் கடுமையான அரசியல் பொருள்கள் குறித்து எழுதும் வாய்ப்புகள் தமக்கு அரிதாயின என்று அவர் பின்னாளில் குறிப்பிட்டார். மன்றத்தின் உண்மையை வெளிக்கொணர்ந்த பத்திரிகையாளராக அன்றி, முயல் காது அணிந்த பெண்ணாகவே பலர் அவரைக் கண்டனர். பொருளாக்கும் பார்வை எத்துணை வலியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

எனினும், அம்மன்றங்களில் பணியாற்றிய பெண்கள் அனைவரும் தம்மை இழிவுற்றவராகக் கருதினர் என்று நாம் கூறிவிடலாகாது. நடிகை கேத்ரின் லீ ஸ்காட் தாமும் அப்பணியில் இருந்தவர். முன்னாள் தோழியர் பலரைச் சந்தித்து, 1998-இல் வெளியிட்ட தம் நூலில் அவர்களுடைய நினைவுகளைத் தொகுத்தார். அந்த வருமானத்தால் படித்து உயர்ந்தவர்களும் அவர்களுள் உண்டு. மேலும், டெட்ராய்ட் நகரில் மைரா வுல்ஃப்காங் என்னும் தொழிற்சங்கத் தலைவியின் முயற்சியால், 1964-இல் அந்நகர மன்றத்துப் பெண்கள் சங்கத்தின் வழியாக ஒப்பந்தம் பெற்றனர். அடிப்படை ஊதியமே இன்றி டிப்ஸை மட்டும் நம்பி நின்ற நிலைக்கு எதிராக எழுந்த போராட்டம் அது. அலங்காரப் பொருளாக வைக்கப்பட்டவர்கள் 'நாங்கள் தொழிலாளர்' என்று உரைத்த கணம் அது.

ஒரு கேலியும் ஒரு சட்டமும்

அதே 1964-ஆம் ஆண்டு அமெரிக்காவின் குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறியது. வேலையில் இனம், நிறம், சமயம், பிறந்த நாடு ஆகியவற்றின் அடிப்படையில் வேறுபாடு காட்டுவதை அது தடை செய்தது. மசோதா விவாதத்தில் இருந்தபோது, வர்ஜீனியாவைச் சேர்ந்த ஹோவர்ட் ஸ்மித் என்னும் உறுப்பினர் 'பால்' என்னும் சொல்லையும் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அவை சிரிப்பில் மூழ்கியது. ஆயினும் அச்சொல் சட்டத்தில் நிலைபெற்றது.

1965-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது எழுந்த கேலிக்கு 'முயல் பிரச்சினை' என்று பெயர். ஓர் ஆண் முயல் பெண் வேலைக்கு விண்ணப்பித்தால் மன்றம் என்ன செய்யும் என்று அதிகாரிகளும் நாளேடுகளும் நகைத்தனர். அந்தச் சிரிப்பொலியில், உயர்ந்த பணிகளிலிருந்து பெண்கள் விலக்கி வைக்கப்பட்டிருந்த கொடுமை மறைந்துபோயிற்று. பெண்களின் முறையீடுகளைப் பெருந்தன்மையோடு ஏற்க ஆணையம் தயங்கியதே, 1966-இல் தேசியப் பெண்கள் அமைப்பு தோன்றுவதற்கு ஒரு காரணமாயிற்று.

அச்சட்டத்தில் ஒரு விதிவிலக்கும் இருந்தது. ஒரு வணிகத்தை இயல்பாக நடத்துவதற்கு ஒரு குறிப்பிட்ட பாலினர் உண்மையிலேயே இன்றியமையாதவர் என்றால், அவரை மட்டும் அமர்த்தலாம். இன்றியமையாமை என்பது யாது? இதற்கு விடை தேடும் வழக்குகள் விமான நிறுவனங்களின்மீதும் எழுந்தன. பயணிகள் பெண்களையே விரும்புகின்றனர் என்று பான் அமெரிக்கன் நிறுவனம் வாதிட்டது. 1971-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பயணிகளைப் பாதுகாப்பாகக் கொண்டு சேர்ப்பதே விமான நிறுவனத்தின் சாரம். வாடிக்கையாளரின் விருப்பம் பாகுபாட்டுக்குக் காரணம் ஆகாது என்றது. 1981-இல் சவுத்வெஸ்ட் நிறுவனம், 'காதல்' என்பதே எங்கள் விளம்பரத் தோற்றம், ஆகையால் கவர்ச்சியான பெண்கள் மட்டுமே தேவை என்றது. டெக்சஸ் நீதிமன்றம் அதனையும் மறுத்தது. நீங்கள் விற்பது பயணச்சீட்டே அன்றிக் காதல் அன்று என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

ஆந்தைச் சின்னம்

விமான நிறுவனத்திடம் இவ்வாறு சொல்லிவிடலாம். ஆனால் 'நாங்கள் விற்பதே பெண்ணின் கவர்ச்சிதான்' என்று ஓர் உணவகம் வெளிப்படையாகக் கூறிவிட்டால்?

1983-ஆம் ஆண்டு ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டர் நகரில் வணிகர் அறுவர் 'ஹூட்டர்ஸ்' என்னும் உணவகத்தைத் தொடங்கினர். கோழி இறக்கை வறுவலும் பீரும் அதன் உணவுப் பட்டியல். சின்னம் ஆந்தை. அலறும் ஆந்தையைக் குறிக்கும் அப்பெயர், கொச்சை வழக்கில் பெண்ணின் மார்பையும் குறிக்கும். இரட்டைப் பொருளை நாடியே அப்பெயர் இடப்பட்டது. ஆரஞ்சு நிறக் குட்டைக் கால்சட்டையும் உடலை ஒட்டிய கையில்லா வெள்ளைச் சட்டையும் பரிமாறும் பெண்களின் சீருடை. முயல் மன்றத்திற்குச் சாவி வேண்டும்; இங்கே எவரும் நுழையலாம். சிறுவருக்கான உணவுப் பட்டியலும் வைக்கப்பட்டிருந்தது. பெண்ணின் உடலைப் பண்டமாகக் காணும் பழக்கத்தைத் தந்தையின் அருகில் அமர்ந்து மகன் கற்றுக்கொள்ளும் இடமாக உணவு மேசை மாறிற்று. மகளும் ஒன்றைக் கற்றுக்கொண்டிருப்பாள். அவள் கற்றது என்ன என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1991-இல் சம வேலைவாய்ப்பு ஆணையம் இந்நிறுவனம் ஆண்களைப் பரிமாறும் பணிக்கு எடுப்பதில்லை என்று விசாரணை தொடங்கியது. நிறுவனம் 1995-இல் மறுமொழியாக ஒரு விளம்பரப் போர் நடத்தியது. அடர்ந்த மீசையுடைய ஓர் ஆணுக்குப் பொய்ம்முடியும் பெண்களின் சீருடையும் அணிவித்துப் படம் எடுத்து, அரசு கேட்பது இதைத்தானா என்று ஏளனம் செய்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த 'முயல் பிரச்சினை'யின் சிரிப்பே மீண்டும் எழுந்தது. 1996-இல் ஆணையம் விசாரணையைக் கைவிட்டது.

வேலை மறுக்கப்பட்ட ஆண்கள் தொடுத்த வழக்கு 1997-இல் சமரசத்தில் முடிந்தது. நிறுவனம் 37.5 இலட்சம் டாலர் வழங்கவும், மதுக்கூடப் பணி போன்ற சில வேலைகளை இருபாலருக்கும் திறக்கவும் ஒப்புக்கொண்டது. ஆனால் பரிமாறும் பணி பெண்களுக்கே என்னும் ஏற்பாடு நீடித்தது. அந்த ஏற்பாடு சட்டத்திற்கு உடன்பாடானதா என்னும் வினாவுக்கு அவ்வழக்கில் நீதிமன்றத் தீர்ப்பு கிடைக்கவே இல்லை.

வழக்கின் போக்கை உற்று நோக்கினால் ஒரு வியப்பு தோன்றும். முறையிட்டவர்கள் வேலை கிட்டாத ஆண்கள். வேலை கிட்டிய பெண்களின் நிலையைப் பற்றி அங்கே பேச்சே எழவில்லை. கேலியும் இரட்டைப் பொருள் பேச்சும் நிறைந்த சூழலில் பணிபுரியச் சம்மதிக்கின்றேன் என்று அந்தப் பெண்களிடம் முன்கூட்டியே கையொப்பம் பெறும் வழக்கம் இருந்தது. அவமதிப்பைச் சகித்துக்கொள்வதும் வேலையின் ஒரு பகுதி என்று அதற்குப் பொருள். 2010-இல் உடல் எடையைக் குறைக்கும்படி வற்புறுத்தப்பட்டதாக மிச்சிகனில் ஒரு பெண் வழக்குத் தொடுத்தார். 2021-இல் புதிய சீருடையின் கால்சட்டை அளவுக்கு மீறிச் சிறியது என்று ஊழியப் பெண்களே காணொளிகளில் எதிர்ப்புத் தெரிவித்தனர். பழையதையோ புதியதையோ அவரவர் விருப்பம்போல் அணியலாம் என்று நிறுவனம் இறங்கிவந்தது. ஆம், அவர்கள் எதிர்த்தனர். எதிர்த்தபோது சிறிதேனும் பயன் விளைந்தது.

கூலியைத் தருபவர் யார்?

'விரும்பித்தானே அவர்கள் அந்த வேலைக்கு வருகின்றனர்?' என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் விருப்பம் எந்த மண்ணில் முளைக்கின்றது என்பதையும் நோக்க வேண்டும்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, 2009 முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். ஆனால் டிப்ஸ் பெறும் பணியாளருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் தந்தால் போதும். எஞ்சியதை டிப்ஸ் ஈடு செய்யும் என்பது கணக்கு. அது ஈடு செய்யாவிடில் முதலாளி நிரப்ப வேண்டும் என்று விதி உண்டு. இந்த 2.13 டாலர் 1991-இலிருந்து மாறவே இல்லை. பெரும்பாலான மாநிலங்கள் இதனினும் உயர்ந்த தொகையை விதித்துள்ளன. விதிக்காத மாநிலங்களும் உண்டு.

இதன் விளைவு என்ன? பரிமாறும் பெண்ணுக்கு உண்மையில் கூலி தருபவர் மேசையில் அமர்ந்திருக்கும் வாடிக்கையாளர். அவர் தகாத சொல் உரைத்தாலும், உற்று நோக்கினாலும், முகம் சுளித்தால் அன்றைய வீட்டு வாடகையில் குறைவு விழும். ஆகவே அவள் சிரிக்கின்றாள். அந்தச் சிரிப்பைக் கண்டு, இவளுக்கு இது மகிழ்ச்சியே என்று அவர் எண்ணிக்கொள்கின்றார். ஒருவரின் தேவையும் மற்றவரின் தற்பெருமையும் சேர்ந்து ஆடும் நாடகம் இது. உடையைப் பழிப்பதோடு நின்றுவிடுவோர் இந்தக் கூலிக்கணக்கைக் காணத் தவறுகின்றனர். பெண்ணின் உடையைக் குறைகூறுவது எளிது. அவளுக்கு உரிய ஊதியம் கேட்பது கடினம்.

நம் நாட்டின் படிப்பினை

இவ்வினா நம் நாட்டிற்கும் புதிதன்று. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் முதன்முறை கருவுற்றதும் வேலை இழக்க வேண்டும் என்னும் விதியை 1981-இல் நம் உச்ச நீதிமன்றம் இரத்து செய்தது. தாய்மையையே தண்டிக்கும் அவ்விதி பெண்மைக்கு அவமதிப்பு என்று கண்டது. மது பரிமாறும் இடங்களில் பெண்களை வேலைக்கு அமர்த்தக்கூடாது என்னும் 1914-ஆம் ஆண்டின் பஞ்சாப் கலால் சட்டப் பிரிவு டெல்லியிலும் நடைமுறையில் இருந்தது. 2007-இல் அப்பிரிவும் வீழ்ந்தது. பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லையெனில் பாதுகாப்பை உண்டாக்குவதே அரசின் கடமை. பாதுகாப்பின் பெயரால் அவளுடைய வேலையைப் பறிப்பது அன்று என்பதே அத்தீர்ப்பின் உட்கருத்து.

மிச்சிகன் சட்டத்தையும் முயல் மன்றத்தையும் அருகருகே வைத்து நோக்கினால் இத்தீர்ப்பின் ஆழம் விளங்கும். ஒன்று, பெண்ணின் உடல் ஆபத்தானது என்று கதவை அடைத்தது. மற்றொன்று, பெண்ணின் உடல் இலாபகரமானது என்று கதவைத் திறந்தது. ஒன்றுக்கொன்று எதிரானவை போல் தோன்றினும் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. கதவருகே வந்து நின்றவளின் திறமை என்ன, பட்டறிவு என்ன, அவளை நம்பி வீட்டில் எத்தனை பேர் என்று இரண்டுமே கேட்கவில்லை.

முடிவாக

முயல் மன்றங்கள் 1980-களில் அமெரிக்காவில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2018-இல் நியூயார்க்கில் மீண்டும் திறக்கப்பட்ட மன்றமும் மறு ஆண்டே மூடப்பட்டது. ஹூட்டர்ஸ் நிறுவனம் கடன் சுமை தாளாமல் 2025 மார்ச் இறுதியில் திவால் பாதுகாப்புக் கோரி டெக்சஸ் நீதிமன்றத்தை நாடியது. அதனைத் தோற்றுவித்தவர்கள் அங்கம் வகித்த குழுவொன்று உணவகங்களைத் திரும்பப் பெற முன்வந்து, குடும்பத்தோடு வந்து உண்ணத்தக்க இடமாக அவற்றை மாற்றுவோம் என்று அறிவித்தது.

இதனை மனமாற்றத்தின் வெற்றி என்று கொண்டாடிவிட இயலாது. விலைவாசியும் கடனும் வென்றன என்பதே பெரும்பாலும் உண்மை. அதே வகையான வேறு உணவகங்கள் தொடர்ந்து வாணிபம் நடத்தி வந்துள்ளன. காதுகள் கழன்றன, ஆந்தை பறந்தது. ஆனால் பார்வை போகும் இடமெல்லாம் புதிய வேடம் தரித்துக்கொள்கின்றது.

பார்வை மாறுவதற்கு நீதிமன்றம் மட்டும் போதாது. அது உணவு மேசையில் தொடங்க வேண்டும். அடுத்த முறை ஓர் உணவகத்தில் அமர்ந்திருக்கும்போது, தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு நகரும் அந்தப் பெண்ணை நம் பிள்ளைகளின் முன்னிலையில் நாம் எவ்வாறு அழைக்கின்றோம், எவ்வாறு நோக்குகின்றோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். அவளும் ஒரு வீட்டின் மகள் என்பதற்காக மட்டும் அன்று. எவருக்கும் மகளாக இல்லாவிடினும் அவள் தன்னளவில் ஒரு மனிதர் என்பதற்காக. அவள் கையில் இருப்பது நம் உணவு. அவள் முகத்தில் இருப்பது ஒரு நாளின் களைப்பு. இரண்டையும் சேர்த்துக் காணும் கண்களே விருந்தோம்பலின் பொருளை அறிந்த கண்கள்.